கூடாரக்காரர்களுக்கு எமன்

ஆர்ட்கிரீ ஊரின் வெள்ளைக் குடாவில், இந்த ஆறு வருஷத்தில் டொலினா கில்லிஸிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாமல் லேசில் ஒருத்தனும் கூடாரத்தைச் சுருட்டியதில்லை. கிளாஸ்கோக்காரன், லண்டன்காரன், ஜெர்மன்காரன் என்று அவளிடம் பாரபட்சமே கிடையாது. மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு பாதிரியாரைக்கூட அவள் விட்டுவைக்கவில்லை. அந்த மனிதர் ஓடையில் சோப்புப் போட்டுத் தட்டு கழுவிக்கொண்டிருந்தார், பாவம்.

"ஃபாதர், அந்தத் தண்ணியத்தான் கீழ ஃபார்குவரோட மாடு குடிக்குது. அதுங்களுக்கு ஞானஸ்நானம் பண்ணி வைக்கச் சொல்லி யாரும் உங்களக் கேக்கல. வாளியில மொண்டுட்டுப் போய் அந்தப் பக்கம் கழுவுங்க."

அவர் தட்டைத் தூக்கிக்கொண்டு போனார். போகும்போது மன்னிப்பும் கேட்டார் என்று ஊரில் சொல்கிறார்கள். கேட்டிருப்பார். டொலினா கேட்க வைப்பாள்.

ஸ்காட்லாந்தில் சட்டம் ரொம்பத் தாராளம். மலை யார் பேரில் இருந்தால் என்ன, கரை யார் பேரில் இருந்தால் என்ன, வேலி போடாத இடமாகப் பார்த்து யார் வேண்டுமானாலும் கூடாரம் அடித்துப் படுக்கலாம். யாரிடமும் கேட்க வேண்டாம். ஆனால் வந்தவன் வந்த சுவடு தெரியாமல் போக வேண்டும், அவ்வளவுதான். அந்த 'அவ்வளவுதான்' இருக்கிறதே, அதில்தான் எல்லாரும் கோட்டை விடுவார்கள். வீட்டுக்கு ஒட்டி அடிப்பது, மூணு ராத்திரி என்று வந்து மூணு வாரம் உட்கார்ந்துகொள்வது, குட்டி போட்ட ஆடுகளுக்கு நடுவில் நாயை அவிழ்த்துவிடுவது. இதையெல்லாம் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பதற்கு ஊர் டிரஸ்ட் டொலினாவை ஏப்ரலிலிருந்து செப்டம்பர் வரைக்கும் காவலராகப் போட்டிருந்தது. ஒரு பச்சை ஜாக்கெட், ஒரு வாளி, ஒரு மண்வெட்டி, குப்பை பொறுக்க ஒரு நீள இடுக்கி.

அதற்கு முன்னால் இருபத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்துச் சமையல்காரி. நாற்பது பிள்ளைகளைக் காரட் தின்ன வைத்த தொண்டை அது. அந்தத் தொண்டை சமையல்கட்டை விட்டுக் கடற்கரைக்கு வந்ததும் குடாவின் அந்தப் பக்கத்துக் கடல்நாய்கள்கூடப் பாறையை மாற்றிக்கொண்டன என்று அவள் புருஷன் ரோடி சொல்வான். ரோடி மீன்பண்ணைக்கு லாரி ஓட்டுகிறவன். ஊர்த் தீயணைப்புக் குழுவிலும் இருக்கிறான். அதிகம் பேசமாட்டான். அந்த வீட்டில் அதற்கு வாய்ப்பும் குறைவு.

அவள் வேலை செய்கிற அழகை ஒரு தடவை பார்த்தால் போதும். காலை ஏழரைக்கு ஒரு கூடாரத்தின் முன்னால் போய் நிற்பாள். உள்ளேயிருந்து தாடி வைத்த ஒரு பையன் தலையை நீட்டுவான்.

"குட் மார்னிங். காலையில எங்க போனே?"

"எங்கயும் போகலயே. இப்பத்தான் எழுந்தேன்."

"அது இல்ல மகனே. காலைக்கடன். எங்க?"

பையன் காது சிவக்க, ஒரு பாறையைக் காட்டுவான்.

"தண்ணியிலருந்து முப்பது மீட்டர் இருக்குமா?"

"இருக்கும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்காத. நடந்து பாரு. குழி தோண்டினியா?"

"கல்லு வெச்சு மூடினேன்."

"கல்லு வெச்சா? பொதையலா அது?" மண்வெட்டியை அவன் கையில் கொடுத்துவிடுவாள். அவன் திரும்பி வரும்வரை அங்கேயே நிற்பாள். அந்த நேரத்தில் அவன் காதலி கூடாரத்துக்குள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக் கிடப்பாள். பிறகு டொலினா அந்தப் பெண்ணிடம் திரும்பி, "உன்னையும் கேக்கணுமா?" என்பாள். சிரிப்பு நின்றுவிடும்.

இப்படிப் படுத்தி எடுப்பவள்தான் கூடாரக்காரர்களுக்காக ஊரில் சண்டையும் போட்டாள். அதுதான் வேடிக்கை. மேய்ச்சல் கமிட்டித் தலைவர் ஃபார்குவர் மெக்காஸ்கில், எழுபது வயசு, எண்பது ஆடு, எட்டு மாடு, குடாவை ஒட்டிய சரிவெல்லாம் அவருடைய மேய்ச்சல். வருஷா வருஷம் அவர் ஒரு கடிதம் எழுதுவார். வெள்ளைக் குடாவில் கூடாரமே கூடாது என்று கவுன்சில் தடை போட வேண்டும் என்று. வருஷா வருஷம் டொலினா எழுந்து நின்று அதைத் தோற்கடிப்பாள்.

"சொல்லிக் கொடுத்தா கேக்குறாங்க ஃபார்குவர். போன வருஷம் ரெண்டு மூட்டை குப்பைதான். உங்க கொட்டகைக்குப் பின்னாடி அதவிட ஜாஸ்தி கிடக்கு."

"என் கொட்டகைக்குப் பின்னாடி நீ ஏன் போனே?"

"நாத்தம் கூப்பிட்டுது, போனேன்."

நகரத்தில் இரண்டு ரூம் வீட்டுக்குள் கிடக்கிறவனுக்கும் மலையில் படுக்க உரிமை வேண்டும், அவனுக்கு இருக்கிற ஒரே சொத்து அதுதான் என்பது டொலினாவின் கட்சி. அதை அவள் மனசார நம்பினாள்.

இப்போது அந்த மே மாசத்துக்கு வருகிறேன். மூன்று வாரமாகச் சொட்டு மழை இல்லை. ஆர்ட்கிரீயில் மூன்று வாரம் மழை இல்லை என்றால் ஜனங்கள் ஒருத்தரை ஒருத்தர் சந்தேகமாகப் பார்ப்பார்கள். போன வருஷத்துப் புல் வெளுத்துக் காய்ந்து, மிதித்தால் நொறுங்கியது. டொலினா போகிற இடமெல்லாம் நெருப்புப் பாடம் எடுத்தாள். மூட்டினால் அலை வந்து போகிற கூழாங்கல் மேல் மட்டும் மூட்டு, மேலே கரையில் தொடாதே. ஏனென்றால் கரைக்கு மேலே எல்லாம் கரிமண். ஊரே வெட்டிக் காயவைத்துக் கணப்பில் எரிக்கிற மண். அணைக்கும்போது வாளி வாளியாக ஊற்று, கிளறு, மறுபடி ஊற்று, உள்ளங்கையை வைத்துப் பார், சுட்டால் இன்னும் ஊற்று. "கை வெச்சுப் பாத்தியா?" என்பது அவள் வாயில் ஜபம் மாதிரி ஓடிக்கொண்டிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி, வேனில் வந்த நாலு பையன்கள் சரியாகக் கரைமேட்டில் நெருப்பு மூட்டிக் கூத்தடித்துவிட்டு, சனிக்கிழமை விடிவதற்குள் கிளம்பிப் போய்விட்டார்கள். எட்டு மணிக்கு டொலினா வந்து பார்த்தபோது அரைகுறையாக எரிந்த கட்டைகளும், பீர் டப்பாக்களும், ஒரு ஒற்றைச் செருப்பும் கிடந்தன. சாம்பல் இன்னும் வெதுவெதுப்பு. அவள் அந்தப் பையன்களின் மூன்று தலைமுறையையும் இழுத்துத் திட்டினாள். கேட்க யாரும் இல்லாததால் அதில் அவ்வளவு ருசி இல்லை.

அன்றைக்குப் பார்த்து அவளுக்குப் பத்து மணிக்கு டவுனில் முடி வெட்ட நேரம் கொடுத்திருந்தார்கள். மூன்று வாரம் காத்திருந்து கிடைத்த நேரம். நாற்பது மைல் போக வேண்டும். ஓடையோ காய்ந்து சுருங்கித் தள்ளிப் போயிருந்தது. ஒரு வாளி தண்ணீர் மொண்டு வந்து ஊற்றினாள். புஸ்ஸென்று ஆவி வந்து அடங்கியது. அடங்கிவிட்டதென்று நினைத்தாள். கட்டைகளை எடுத்துப் போட்டாள், சாம்பலை மண்வெட்டியால் மண்ணுக்குள் தள்ளினாள், பக்கத்தில் பையன்கள் பெயர்த்துப் போட்டிருந்த புல்திட்டுகளைப் பொறுக்கி மேலே ஒவ்வொன்றாகப் பதித்து, பூட்ஸ் காலால் மிதித்துச் சமன் செய்தாள். கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தாள். நெருப்பு மூட்டிய இடமா அது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்பமாட்டார்கள். அவளுக்குத் தன் கைவேலை மேல் பெருமையாகவே இருந்தது. கை வைத்து மட்டும் பார்க்கவில்லை.

முடி நன்றாக அமைந்தது. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் மூன்று பேர் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஜெர்ரி டோக்கர்ட்டி வந்தார். கிளாஸ்கோவில் பஸ் ரிப்பேர் செய்து ஓய்வு பெற்றவர், அறுபத்தெட்டு வயசு. கூட மகள் பெர்னி, ஆஸ்பத்திரி நர்ஸ். பதினோரு வருஷமாக ஒவ்வொரு மே மாசமும் வெள்ளைக் குடாவில் மூன்று ராத்திரி. கூட ஒரு ராத்திரி கிடையாது. டொலினா திட்டுவதற்கு எதுவும் கிடைக்காமல் தவித்த ஒரே ஆள் அவர்தான். ஒரு வருஷம் அவர் டீ போட்ட இடத்தில் தீக்குச்சி ஒன்று கிடந்ததைக் கண்டுபிடித்துத் தூக்கிக் காட்டினாள். "அது உங்க ரோடியோடது. நேத்து பேச வந்தவன் பைப் பத்த வெச்சுட்டுப் போனான்" என்றார் ஜெர்ரி. அன்றைக்குத் திட்டு ரோடிக்குப் போனது.

புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு ரோடியின் பேஜர் அலறியது.

டொலினா போய்ச் சேர்ந்தபோது சரிவு முழுக்கப் புகை. கடல்காற்று நெருப்பை மேலே மேலே தள்ளிக்கொண்டு போனது. ஃபார்குவர், ரோடி, ஊரில் கை கால் அசைகிற அத்தனை பேரும் நீளக் கம்பில் ரப்பர் பட்டை அடித்த மட்டைகளால் புல்லை அடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கும் முன்னாலேயே அங்கே நின்று, ஜமுக்காளத்தை நனைத்து அடித்துக்கொண்டிருந்தவர்கள் ஜெர்ரியும் பெர்னியும். தீயணைப்புக்குப் போன் போட்டதும் பெர்னிதான். டொலினாவும் ஒரு மட்டையை வாங்கி அடித்தாள். ஆறு மணிக்கு நெருப்பு அடங்கியபோது ஃபார்குவரின் வேலியில் நூறு மீட்டரும், ஒரு பழைய டிரெய்லரும், கோடை மேய்ச்சலில் பாதியும் கரியாகிக் கிடந்தன. ஆடு மாடு எதற்கும் ஒன்றும் ஆகவில்லை. ஃபார்குவர் ஒரு கல்லில் உட்கார்ந்து, கறுத்த முகத்தைத் துடைக்காமல் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். எதிரியாக இருந்தாலும் அவரைப் பார்க்க டொலினாவுக்குப் பாவமாக இருந்தது.

அப்புறம்தான் அவள் கரைமேட்டுப் பக்கம் நடந்தாள். அவள் பதித்த புல்திட்டுகள் இருந்த இடத்தில் ஒரு குழி. முழங்கை ஆழத்துக்கு மண்ணே எரிந்து சாம்பலாகி உள்ளே இறங்கியிருந்தது. குழியிலிருந்து சரிவுப் பக்கமாக, புல்லுக்கு அடியில் எலி வளை மாதிரி ஒரு கறுப்புத் தடம் போய், ஆறடி தள்ளி வெளியே வந்திருந்தது. நெருப்பு நாலு நாள் மண்ணுக்குள்ளேயே ஊர்ந்து, காய்ந்த புல்லைக் கண்டதும் தலையைத் தூக்கியிருக்கிறது.  அவள் குனிந்து பார்த்து நிமிர்வதற்குள் தீயணைப்பு வண்டியின் குழாயைத் திருப்பி அந்த இடத்தையே சேறாக்கிவிட்டார்கள். இனி எங்கே ஆரம்பித்தது என்று யாராலும் சொல்ல முடியாது.

யாரும் கேட்கவும் இல்லை. ஜெர்ரியின் கூடாரம் அங்கிருந்து ஐம்பது அடியில், கூழாங்கல் மேல் நின்றது. அதற்கு மேல் என்ன விசாரணை? ராத்திரி சாப்பாட்டுக்குள் ஊர்ப் பேஸ்புக் பக்கத்தில் படம் வந்துவிட்டது. பின்னால் கரிந்த மலை, முன்னால் அந்த ஆரஞ்சு நிறக் கூடாரம். கீழே முப்பத்தேழு பேர் வாய்க்கு வந்தபடி எழுதியிருந்தார்கள். வியாழக்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஹாலில் கூட்டம், கடிதத்தில் கையெழுத்துப் போட எல்லாரும் வரவும் என்று ஃபார்குவர் அறிவித்திருந்தார்.

வீட்டில் படுக்கப் போகும் முன் டொலினா கணப்பின் முன்னால் மண்டியிட்டாள். எரிகிற கரிமண் கட்டிகளை ஒதுக்கி, சாம்பலை அள்ளி மேலே போட்டு மூடினாள். தினமும் செய்கிற வேலைதான். அப்படி மூடி வைத்தால்தான் தணல் சாகாமல் உள்ளேயே கிடக்கும். காலையில் கிளறினால் உடனே பற்றும். கரண்டி அவள் கையிலேயே நின்றுவிட்டது.

ரோடி நாற்காலியில் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

"அந்தக் குழிய நானும் பாத்தேன், டோலி" என்றான்.

"எந்தக் குழி?"

"சரி."

"என்ன சரி?"

"ஒண்ணுமில்ல. சரின்னேன்."

"முடி வெட்டப் போகணும்னு அவசரத்துல..."

"முடி நல்லாத்தான் இருக்கு" என்றான் ரோடி. பூட்ஸை வாசலில் வைத்துவிட்டுப் படுக்கப் போனான். இப்படிப்பட்ட ஆளோடு எப்படிச் சண்டை போடுவது?

டொலினா நினைத்துப் பார்த்தாள். சொன்னால் வேலை போகும். வேலை போனால் போகட்டும், மானம் போகும். ஆறு வருஷமாக ஊர் உலகத்தையெல்லாம் கை வைத்துப் பார்த்தியா, கை வைத்துப் பார்த்தியா என்று கேட்டவள். சொல்லாவிட்டால்? ஜெர்ரி நாளை மறுநாள் கிளாஸ்கோ போய்விடுவார். பேஸ்புக்கில் எழுதினால் யார் செத்துப்போகிறார்கள்? ஆனால் கடிதத்தில் கையெழுத்து விழும், குடா மூடப்படும். அந்தக் கடிதத்தை எதிர்த்து எழுந்து நிற்க இந்தத் தடவை அவளுக்குக் கால் வராது. வியாழக்கிழமை பூராவும் அவள் குடாப் பக்கமே போகவில்லை. தலைவலி என்று சொன்னாள். தலை உண்மையாகவே வலித்தது.

ஹாலில் நாற்பது பேருக்கு மேல் இருந்தார்கள். டீ பெரிய பாத்திரத்தில் கொதித்துக்கொண்டிருந்தது, ஸ்கோன் ரொட்டி அடுக்கியிருந்தது, யாரும் தொடவில்லை. ஃபார்குவர் கடிதத்தை வாசித்தார். வாசித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றி, நேரே டொலினாவைப் பார்த்தார்.

"வழக்கமா இப்ப ஒருத்தங்க எழுந்திருப்பாங்க."

டொலினா தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழுந்திருக்கல. அதயும் எழுதிக்கோங்க" என்றார் ஃபார்குவர். நாலைந்து பேர் சிரித்தார்கள்.

அப்போது பின்வரிசையில் ஒரு நாற்காலி நகர்ந்தது. ஜெர்ரி. அவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. கால்சட்டை முழங்கால் வரை கருகியிருந்தது. தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மகள் பக்கத்தில் உட்கார்ந்து அவர் சட்டை நுனியைப் பிடித்திருந்தாள்.

"நான் இந்த ஊர் ஆள் இல்ல, பேச எனக்கு உரிமை இருக்கான்னு தெரியல. ரெண்டு வார்த்தை. நேத்து மதியம் நான்தான் டீ போட்டேன், கேஸ் அடுப்புல, கல்லு மேல வெச்சு. அணைச்சேன்னுதான் நெனைக்கிறேன். ஆனா எனக்கு அறுபத்தெட்டாச்சு. சில நாள் வீட்டப் பூட்டினேனா இல்லயான்னு பாதி வழியில திரும்பி வர்ற ஆளு. ராத்திரி பூரா யோசிச்சேன். காத்துல ஏதோ பொறி பறந்திருக்கணும். வேற எப்படி வரும்? நானாத்தான் இருக்கணும். ஒரு கிழவன் பண்ணின தப்புக்காக மத்தவங்களுக்கு இடத்த மூடிடாதீங்க. நான் இனிமே வரமாட்டேன். வேலிக்கு என்னால ஆனத..."

"உக்காருங்க ஜெர்ரி" என்றாள் டொலினா.

எப்போது எழுந்தாள் என்று அவளுக்கே தெரியாது. தொண்டை மட்டும் பழைய தொண்டை.

"உங்க அடுப்பும் இல்ல, பொறியும் இல்ல. வெள்ளிக்கெழம ராத்திரி நாலு பசங்க கரைமேட்டுல நெருப்பு வெச்சானுங்க. போயிட்டானுங்க. சனிக்கெழம காலையில நான் போனேன். அணைக்கிறதுக்குத்தான் எனக்குச் சம்பளம். ஒரு வாளி ஊத்தினேன். ஒரே ஒரு வாளி. முடி வெட்டிக்க நேரமாச்சுன்னு மண்ணப் போட்டு மூடி, புல்லப் பதிச்சு, மிதிச்சுட்டு வந்துட்டேன். கை வெச்சுப் பாக்கல. அதுதான் புதன்கெழம வெளிய வந்துது. குழிய நான் பாத்தேன்."

 ஃபார்குவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார்.

"கரிமண்ணுல மூடினியா?"

"ஆமா."

"கணப்புல ராத்திரி மூடுற மாதிரி?"

"ஆமா ஃபார்குவர்."

"என் மேய்ச்சல்ல நெருப்பப் படுக்க வெச்சு, போர்வை போத்தி, நாலு நாள் தூங்க விட்டிருக்கே. தாலாட்டும் பாடினியா?"

யாரோ வெடித்துச் சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. அந்தத் தப்பைச் செய்ய ஆர்ட்கிரீயில் பிறந்தவளால்தான் முடியும் என்பது எல்லாருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. நகரத்துக்காரன் தப்பாக அணைப்பான், இல்லாவிட்டால் அணைக்கவே மாட்டான். இவ்வளவு அழகாக மூடி வைக்க அவனுக்குத் தெரியாது. டொலினா பச்சை ஜாக்கெட்டைக் கழற்றி மேஜைமேல் கடிதத்துக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"என்ன இது?" என்றார் ஃபார்குவர்.

"வேற ஆளப் போட்டுக்கோங்க."

"யாரு? நானா? ஊரான் போன எடமெல்லாம் போய் முப்பது மீட்டர் அளக்க எனக்கு என்ன தலையெழுத்து? எடுத்து மாட்டு. வேலிய நீயும் ரோடியும் நட்டுக் குடுங்க, தூண் தூணா, உங்க கையால. நான் பக்கத்துல நின்னு குறை சொல்லுவேன். ஆறு வருஷத்துக்கும் சேத்துச் சொல்லுவேன்." கடிதத்தை நாலாக மடித்துப் பையில் போட்டார். "இது அடுத்த வருஷத்துக்கு."

ஹால் கலகலப்பாகிவிட்டது. ஸ்கோன் தட்டுகள் நகர்ந்தன. டொலினாவின் முதுகில் ரெண்டு பேர் தட்டினார்கள். இவ்வளவுதானா என்று அவளுக்கு நெஞ்சு லேசாயிற்று. நேரே பின்வரிசைக்குப் போனாள். ஜெர்ரி இன்னும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

"மன்னிச்சுக்கோங்க ஜெர்ரி" என்றாள்.

அவர் தொப்பியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டே கேட்டார். "குழிய எப்பப் பாத்தீங்க?"

"நேத்து."

"நேத்து எப்ப?"

"ஆறு மணிக்கு. நெருப்பு அடங்கின உடனே."

"நான் அப்ப அங்கதான இருந்தேன். உங்ககிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சேன்."

"ஆமா."

அவர் தலையை ஆட்டினார். கோபமாக ஆட்டியிருந்தால்கூட அவளுக்குத் தேவலையாக இருந்திருக்கும். பெர்னிதான் எழுந்தாள்.

"நேத்து ராத்திரி எங்கப்பா என்கிட்ட என்ன சொன்னாரு தெரியுமா? என்னை இனிமே தனியா வீட்ல விடாத, அடுப்புப் பக்கம் விடாத, எனக்கு மூளை கெட்டுப்போச்சுன்னு சொன்னாரு. அழுதாரு. கூடாரத்துக்குள்ள, என் கையப் பிடிச்சுக்கிட்டு. நீங்க அப்ப எங்க இருந்தீங்க?"

வீட்டில், கணப்பை மூடிக்கொண்டிருந்தேன் என்று டொலினா எப்படிச் சொல்வாள்? 

"விடும்மா" என்றார் ஜெர்ரி. "சொல்லிட்டாங்கல்ல, போதும்." தொப்பியை மாட்டிக்கொண்டு, ரோடிக்கு மட்டும் ஒரு வணக்கம் வைத்துவிட்டு, மகளோடு வெளியே போனார். அவர்கள் டீ குடிக்கவில்லை.

அன்று ராத்திரி டொலினா சொல்ல வேண்டியதையெல்லாம் மனசுக்குள் அடுக்கி வைத்தாள். காலையில் போய்ச் சொல்வது, உட்கார்ந்து நிதானமாகச் சொல்வது, அவர் திட்டினால் வாங்கிக்கொள்வது. வாங்கிக்கொள்ள வேண்டும் என்று ஆசையாகக்கூட இருந்தது. விடிந்ததும் எழுந்து ரொட்டி சுட்டாள். ஒரு துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு ஏழு மணிக்குக் குடாவுக்குப் போனாள். ரோடியும் வேலித் தூண்களை லாரியில் போட்டுக்கொண்டு பின்னாலேயே வந்தான்.

ஆரஞ்சு கூடாரம் இல்லை. மூன்று ராத்திரி முடிந்துவிட்டது, கிளம்பிவிட்டார்கள்.

ரொட்டியைப் பாறைமேல் வைத்துவிட்டு அவள் கூழாங்கல் மேட்டைச் சுற்றி வந்தாள். கூடாரம் நின்ற இடம் எது என்று தெரியவில்லை. கயிறு கட்டிய கற்களைக்கூட அததன் குழியில் திருப்பி வைத்திருந்தார்கள், பாசி மேலே பார்க்க. குனிந்து தேடினாள். பிறகு மண்டியிட்டுத் தேடினாள். ஒரு தீக்குச்சி, டீத்தூள் ஒரு சிட்டிகை, ஒரு நூல். ஏதாவது ஒன்று கிடைத்தால் போதும், பொறுக்கி வாளியில் போட்டுக்கொள்ளலாம் என்றிருந்தது.

ரோடி ஒரு தூணைத் தோளில் வைத்துக்கொண்டு கரைமேட்டில் வந்து நின்றான்.

"என்ன தேடுறே?"

"ஒண்ணுமே விட்டுட்டுப் போகல, ரோடி."

"அதத்தானே நீ ஆறு வருஷமா எல்லார்கிட்டயும் கேட்டுட்டிருக்கே?"

 டொலினா மண்டியிட்டபடியே அந்தக் கற்கள்மேல் உள்ளங்கையை வைத்தாள். சில்லென்று இருந்தன. அவளுக்கு அழுகை வந்தது, அழுதாள். ரோடி தூணைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, அவள் எழுந்து வரும்வரை காத்திருந்தான்.